வாகைமரத்து நிழலுக்கு உட்பட்டவர்கள்

அந்த வருஷம் சித்திரையில் திண்டுக்கல்லில் கோடை மழை பெய்ததைவிடக் காற்றாய் அடித்ததுதான் அதிகம். அப்படி ஒரு சாயங்காலம் அடித்துவிட்டுப் போன காற்றில், தோல்ஷாப் சந்தில் ஞானராஜ் வீட்டு வாசலில் நின்ற வாகைமரத்தின் பெரிய கிளை முறிந்தது. முழுதாக முறிந்து தெருவில் விழுந்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. பாதி முறிந்து, பிளந்த வாயோடு, வீட்டின் ஓட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது. மகள் சகாயசெல்வி தலைப்பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்த அறை அதற்கு நேர் கீழே இருந்தது.

ஞானராஜ் தோல் பதனிடுகிற அந்தத் தோல்ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர். சட்டத்துக்குப் பயந்தவர் என்று சொன்னால் போதாது. சட்டத்தின்மேல் பிரியம் உள்ளவர். பொழுது சாய்ந்து சைக்கிள் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டால், தெருவில் ஒரு போலீஸ்காரரும் இல்லாவிட்டாலும், இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார். சர்க்கார் ஒன்று சொன்னால் அதில் ஏதாவது நல்லது இருக்கும் என்பது அவர் எண்ணம். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த எண்ணம் அவருக்குக் குறையவில்லை.

பக்கத்து வீட்டில் விறகுக்கடை வைத்திருந்த மூக்காயி மறுநாள் காலையிலேயே வந்து கிளையை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இவர்கள் வீட்டில் இருமினால் அவள் அங்கிருந்தே என்ன ஏது என்று விசாரிப்பாள்.

"அண்ணே, கயித்தப் போட்டுக் கட்டி, செத்த நேரத்துல எறக்கிப்புடுறேன். வெறகை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு ஒரு சொம்பு நீச்சத்தண்ணி குடுத்தாப் போதும்" என்றாள்.

ஞானராஜும் சரி என்றார். மூக்காயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் தண்டோரா சத்தம் கேட்டது. வேம்பு, புங்கு, வாகை, இலுப்பை, பூவரசு முதலான சுதேச மரங்கள் அனைத்தும் இன்று முதல் சுதேச மரப் பரிபாலன சபையின் பாதுகாப்பில் இருப்பதாகவும், சபையின் அனுமதியில்லாமல் யாரும் தம் வீட்டு மரமேயானாலும் கிளை கழிக்கக் கூடாது என்றும் தண்டோராக்காரன் சொல்லிவிட்டு, மூக்காயியின் கோடாலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

"அவன் அடுத்த தெருவுக்குப் போகட்டும், பொறவு வெட்டுறேன்" என்றாள் மூக்காயி.

"வேணாம் மூக்காயி. கீழ எறங்கு. முறைப்படி ஒரு மனு எழுதிக் குடுத்துட்டா ரெண்டு நாள்ல அனுமதி வந்துரும்" என்றார் ஞானராஜ்.

சபையின் ஆபீஸ் மலைக்கோட்டைக்குப் போகும் வழியில் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் இருந்தது. கட்டடத்துக்கு இடம் வேண்டி அங்கே நின்ற புங்கமரங்களை வெட்டியிருந்தார்கள். வெட்டியபோது சபை இன்னும் ஏற்படவில்லை, ஆகையால் அதில் குற்றம் ஒன்றுமில்லை என்று வாசலில் ஒரு போர்டு விளக்கம் சொன்னது. மனுக் கொடுக்க வந்தவர்கள் அந்த போர்டின் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். வேறு நிழல் அங்கே இல்லை.

மரப் பரிபாலன அதிகாரியின் பெயர் சோலைமுத்து. சிரித்த முகம், வெள்ளைச் சட்டை. மனுவைப் படித்துவிட்டு ஞானராஜை உட்காரச் சொன்னார். அந்த மரியாதையிலேயே ஞானராஜுக்குப் பாதி காரியம் முடிந்த மாதிரி இருந்தது.

"மரம் யாருடையது?"

"எங்க வீட்டு வாசல்ல நிக்குதுங்க. எனக்குக் கல்யாணமான வருசம் நான் வச்சது."

"வச்சதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"அப்போ சபை இல்லைங்களே."

"அது உங்க நல்ல நேரம்" என்று சோலைமுத்து சிரித்தார். "கிளை விழுந்துரும்னு எழுதியிருக்கீங்க. இன்னும் விழலை. விழாத ஒரு கிளை மேல நீங்க குற்றம் சொல்றீங்க."

"குற்றம் ஒண்ணும் சொல்லலைங்க. மக மாசமா இருக்கா. அதுக்கு நேர் கீழதான் படுத்திருக்கா."

"புரியுது. ஆனா மரத்துக்கு வாய் இல்லையே. அது பக்கம் பேசத்தானே எங்களை வச்சிருக்காங்க" என்ற சோலைமுத்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு மனம் திறந்து பேசினார். "நான் இங்க வர்றதுக்கு முன்னால எலி ஒழிப்புல இருந்தேன். ராப்பகலா உழைச்சோம். எலி கொறைஞ்சு போச்சு. எலி இல்லைன்னதும் ஆபீஸையே மூடி எங்களை நடுத்தெருவுல விட்டுட்டாங்க. அதுல ஒரு பாடம் கத்துக்கிட்டேன். ஒரு காரியத்தை எடுத்தா அவசரப்பட்டு முடிச்சுரக் கூடாது. நீங்க தைரியமாப் போங்க. உங்க மனு எங்கயும் போகாது. இங்கயேதான் இருக்கும்."

ஞானராஜ் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து மனைவி இஞ்ஞாசியம்மாளிடம், "நல்ல மனுசரு. உக்கார வச்சுப் பேசினாரு" என்றார்.

வைகாசியில் சபையின் மேற்பார்வையாளர் சடையாண்டி ஒரு தார் டப்பாவும் அளவு நாடாவுமாக வந்தார். பேசும்போது தரையைப் பார்த்தே பேசுகிறவர். மரத்தைச் சுற்றி வந்து, அடிமரத்தில் தாரால் ஒரு நம்பர் எழுதினார்.

"நம்பர் போட்டாச்சுங்க. இனிமே இது சபை மரம்."

"அப்ப சருகு கூட்டுறதும் நீங்கதானா?" என்று இஞ்ஞாசியம்மாள் கேட்டாள்.

"கூட்டுறது நீங்கதாம்மா. கூட்டுன சருகு சபையோடது. ஒரு ஓரமாக் குமிச்சு வைங்க."

பிறகு சடையாண்டி நிழலை அளந்தார். காலையில் ஒரு தடவை, உச்சிப்பொழுதில் ஒரு தடவை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு தடவை. நிழல் எங்கெங்கே போயிற்றோ அங்கெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டுக்குள் அடங்கியது முழுவதும் மரத்தின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி என்றும், அங்கே புகை போடுவது, ஆணி அடிப்பது, கொடி கட்டுவது, ஆடு கட்டுவது, வெட்டு ஆயுதங்கள் வைத்திருப்பது எல்லாம் கூடாது என்றும் படித்துக் காட்டினார். ஞானராஜின் வீடு முழுவதும் கோட்டுக்குள் இருந்தது. சாயங்கால நிழல் நீண்டு போய் மூக்காயியின் விறகுக்கடையையும் பிடித்துக்கொண்டது.

"வெறகுக்கடையில கோடாலி இல்லாம எதை வச்சு வெட்டுறது? பல்லை வச்சா?" என்று கேட்டாள் மூக்காயி. "நெழலு சாயங்காலந்தானே எங்கிட்ட வருது. நான் காலையில வெட்டிக்கிறேன்."

"கோடாலிக்குக் காலை சாயங்காலம்னு உண்டா ஆத்தா" என்று சடையாண்டி தரையைப் பார்த்தபடி சொல்லி, கோடாலியை வாங்கிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டார்.

மூக்காயி அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஞானராஜைத்தான் பார்த்தாள். "மனு எழுதிக் குடுத்தீகளே அண்ணே. நல்லா எழுதிக் குடுத்தீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகு அவள் இந்த வீட்டோடு பேசவில்லை. வெட்டிய விறகை வெளியே வாங்கி வந்து, வந்த விலைக்கே விற்றுக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப்பக்கம் யார் இருமினாலும் அந்தப்பக்கம் சத்தமில்லை.

புகை கூடாது என்றதால் இஞ்ஞாசியம்மாள் கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனாள். காலையில் கோட்டுக்கு வெளியே சந்தின் ஒரு ஓரத்தில் உலை வைப்பாள். அரிசி வேகுமுன் எதிர்வீட்டு நிழலும் மர நிழலும் கலந்து, இது எந்த நிழல் என்று சந்தேகம் வந்துவிடும். அடுப்பைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போவாள். சோறு ஒரு இடத்திலும் குழம்பு ஒரு இடத்திலுமாக ஆயிற்று. வெஞ்சனம் வைக்கத் தோல்ஷாப் வாசல்வரை போகவேண்டி வந்தது. கல்யாணமான நாள்முதல் வீட்டுக்குள் சமைத்த பெண்பிள்ளை, போகிற வருகிறவர்கள் பார்க்கத் தெருவில் குந்தி ஊதிக்கொண்டிருப்பதைப் பார்க்க ஞானராஜுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும், "செத்த நாளைக்குத்தான். மனு நடந்துக்கிட்டுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்.

மனு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனியில் சபை ஒரு தீர்மானத்துக்கு வந்தது. முறிந்த கிளை நோயாளி என்றும், நோயாளியை வெட்டும்படி கேட்பது மனிதத்தன்மை ஆகாது என்றும், அதற்கு முட்டுக் கொடுத்துப் பிழைக்க வைக்கவேண்டும் என்றும் முடிவாயிற்று. ஒரு பகலில் சடையாண்டி ஆட்களோடு வண்டியில் பச்சை மரத்தூண்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இதெல்லாம் என்ன மரம்?" என்று ஞானராஜ் கேட்டார்.

"பூவரசுங்க. கொளத்துக்கரையில நின்னுச்சு."

"அதுவும் சுதேச மரம்தானே. வெட்ட அனுமதி கெடச்சிருச்சா?"

"சபை சபைக்கிட்டயே கேட்டுச்சுங்க. உக்காந்த எடத்துலயே குடுத்துருச்சு."

கிளையின் பாரம் இறங்குகிற இடம் வீட்டின் வாசற்படிக்கு நேராக அமைந்துவிட்டது. அதனால் தூண்களை வாசலுக்கு முன்னால் குழி தோண்டி நட்டு, குறுக்கே குறுக்கே கத்தரி போட்டுக் கட்டினார்கள். கட்டி முடித்துப் பார்த்தால் நிலைப்படிக்கு எதிரே ஒரு ஆட்டுக்குட்டி நுழைகிற சந்துதான் மிஞ்சியது. வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. பின்சுவரை ஒட்டித் தோல் அடுக்கிவைக்கிற கிட்டங்கி. சகாயசெல்வி உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். விழித்து எழுந்து வாசலுக்கு வந்தவள், வெளியே நிற்கும் அப்பாவைக் கட்டைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"அப்பா, நான் எப்படி வெளிய வர்றது?"

"ரெண்டு நாள்தாம்மா. கிளை கூடிருச்சுன்னா எடுத்துருவாக."

அன்று சாயங்காலம் சன்னலின் கம்பிகளைக் கழற்றினார்கள். ஞானராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையில் சன்னல் வழியாக வேலைக்குப் போனார். மாலையில் சன்னல் வழியாக வந்தார். முதலில் தெரு சிரித்தது. பிறகு பழகிவிட்டது. பால்காரி சன்னலில் ஊற்றினாள். அடுப்பு வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகும்போது இஞ்ஞாசியம்மாளைப் பிடித்து இறக்க ஒரு முக்காலி வெளியே நிரந்தரமாகப் போட்டார்கள். நிறைமாசத்துக்காரியை அப்படி ஏற்றி இறக்க முடியாது. முட்டுத் தூண்களைப் பிடுங்கலாம் என்றால் கிளை அறையின் மேலேயே வரும். குதிரைவண்டி பேசிவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக இருந்த ஏற்பாடு அப்படியே நின்றுபோயிற்று.

சகாயசெல்வி சுவருக்குச் சுவர் நடந்தாள். நடக்கச் சொல்லி எல்லாரும் சொல்லியிருந்தார்கள். சேவுகம்பட்டியிலிருந்து பார்க்க வந்த அவள் புருஷன் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு அரைநாள் பேசிவிட்டுப் போனான். ஜெயிலில் இருப்பவர்களைப் பார்க்க வந்தவன் மாதிரி போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தை உள்ளே நீட்டினான். ஞானராஜ் தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது சபையைப் பற்றி ஏதாவது நம்பிக்கையாகச் சொல்வார். மகள் முன்பெல்லாம் "சரிப்பா" என்பாள். இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அது அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் காலையில் இஞ்ஞாசியம்மாள் சன்னலுக்கு உள்ளிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வந்து இதைப் பாருங்க."

முட்டுக் கொடுத்த பூவரசந் தூண் ஒன்றில், இடுப்பு உயரத்தில், செம்புக் காசு மாதிரி ஒரு தளிர் விட்டிருந்தது. அவள் பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வெட்டி நட்டாலே வேர்விடுகிற பச்சைப் போத்து, ஈரத்தில் பிடித்துக்கொண்டது.

"கிள்ளிப் போட்டுருங்க" என்றாள்.

ஞானராஜ் கையை நீட்டினார். விரல் தளிரில் பட்டதும் நின்றது. "முளைச்சிருச்சே. உசிருல்ல?"

"உள்ள இருக்கறது உசிரு இல்லையா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். கிள்ளவில்லை. மறுநாள் பார்வையிட வந்த சடையாண்டி தளிரைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தார் டப்பாவைத் திறந்தார். முட்டுக்கு நம்பர் விழுந்தது. முட்டு இனிமேல் முட்டு அல்ல, சுதேச மரம். அதற்கும் நிழல் அளந்து வேறு கோடு போட்டார்கள். நிலைப்படி அந்தக் கோட்டுக்குள் வந்ததால், கதவைத் திறந்து மூடுகிற காற்று இளந்தளிருக்கு ஆகாது என்று கதவில் சபையின் அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. திறக்க வழியில்லாத கதவுக்கு முத்திரை எதற்கு என்று இஞ்ஞாசியம்மாள் கேட்டாள். சடையாண்டி, "அது வேறம்மா, இது வேற" என்றார்.

ஆடி பிறந்தது. மேற்கேயிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. வாகையின் கிளை முட்டின்மேல் முனகியது. அறைக்குள் ஓட்டுப்பொடி உதிர்ந்தது.

சகாயசெல்விக்கு ஒரு புதன்கிழமை மத்தியானம் வலி கண்டது. ஞானராஜ் தோல்ஷாப்பிலிருந்து ஓடிவந்து, பேகம்பூருக்குப் போய் மருத்துவச்சி ரம்ஜான் பீவியைக் கூட்டிவந்தார். ரம்ஜான் பீவி ஊரில் பாதிப் பேரைக் கையில் வாங்கியவள். கனத்த உடம்பு, முழங்கால் வலி. வாசலைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, நான் குருவியா, சன்னல்ல போறதுக்கு?"

"கையப் புடிச்சு ஏத்தி விடுறேங்க."

"என்னை ஏத்துவே. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா எந்த வழியா எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவே? மேல காத்து என்ன ஆட்டு ஆட்டுது பாரு. ஒண்ணு வாசலைத் தொற. இல்ல, அந்தப் புள்ளைய அங்கேயிருந்து வெளிய எடு. தலைப்பிரசவம், நேரம் இருக்கு. போ."

ஞானராஜ் சபைக்கு ஓடினார். ஆபீஸில் ஒருவரும் இல்லை. எல்லாரும் மரம் நடுவிழாவுக்குப் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். விழா நடந்த மைதானத்துக்கு ஓடினார். அங்கே பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்கு நாலு மூலையிலும் குலை தள்ளிய வாழையை வெட்டிக்கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். சோலைமுத்து மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"மகாஜனங்களே, சென்ற வருஷம் நமது சபை எந்தக் குழிகளில் கன்றுகளை நட்டதோ, அதே குழிகளில்தான் இந்த வருஷமும் நடுகிறது. இதனால் குழி வெட்டும் செலவு மிச்சம். சென்ற வருஷத்துக் கன்றுகள் என்ன ஆயின என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். கன்றுகள் நமது சட்டத்தில் வரமாட்டா. மரமானால்தான் வரும். மரமாகிவிட்டால், நான் உங்களுக்கு உறுதி சொல்லுகிறேன், அதன்பிறகு அதற்கு யாரும் எந்த நன்மையும்கூடச் செய்துவிட முடியாதபடி பாதுகாப்போம்."

கை தட்டினார்கள். ஞானராஜ் மேடைப்படியில் ஏறி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். சோலைமுத்து மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பரிவோடு கேட்டார்.

"இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?"

"முட்டுக்கட்டைய எடுத்து, கிளையக் கயித்துல எறக்கிட்டா, புள்ளைய வெளிய கொண்டாந்துரலாங்க. ஒங்க ஆளுகளே செய்யட்டும். நான் தொடலை."

"ஞானராஜ், நான் சொல்றேன்னு தப்பா நினைக்கக் கூடாது. பிரசவம்ங்கிறது திடீர்னு வர்ற விஷயமா? பத்து மாசம் முன்னாலயே தெரியும். கிளை எப்ப ஒடியும்னு மரத்துக்குத் தெரியுமா? தெரியாது. அதனாலதான் அவசரச் சலுகை மரத்துக்கு மட்டும் வச்சிருக்கோம். இன்னொண்ணு. பூவரசு தளிர் விட்டு நிக்குது. அதுவும் ஒரு பிரசவம்தானே. நீங்க உங்க மகளை மட்டும் பாக்குறீங்க. நான் ரெண்டு பேரையும் பாக்கணும்."

"நாளைக்கு..." என்று ஞானராஜ் ஏதோ சொல்லவந்தார்.

"நாளைக்கு வாங்க. உக்காந்து பேசுவோம்" என்று சோலைமுத்து மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

ஞானராஜ் திரும்பி நடந்தார். ஓடத் தோன்றவில்லை. தன் கையால் மனு எழுதி, தன் கையாலேயே மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாகத் தெரிந்தது. ஒரு மைல் தூரத்துக்கு அந்த ஒரு நினைப்பைத் தவிர வேறு நினைப்பு இல்லை. சந்துக்குள் திரும்பியபோது திம் திம் என்று சத்தம் கேட்டது. கிளைதான் விழுந்துவிட்டது என்று எண்ணி மறுபடி ஓடினார்.

சத்தம் மூக்காயி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ரம்ஜான் பீவி அவள் கடையில் விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். மூக்காயி கடப்பாரையை எடுத்து நடுச்சுவரை இடித்துக்கொண்டிருந்தாள். மண் சுவர், பாதிக்குமேல் பெயர்ந்திருந்தது. அவள் முகமெல்லாம் செம்மண்.

ஞானராஜ் வாயைத் திறந்தார். "மூக்காயி, சொவத்தை இடிக்கிறதுக்கு ஏதாச்சும் அனும..." என்று வந்ததைப் பாதியில் விழுங்கினார்.

மூக்காயி திரும்பிப் பார்த்தாள். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள் பேசினாள். "அண்ணே, அந்தப் பக்கம் போயி உலக்கையால இடிங்க. மனு எழுதணும்னா பொறவு எழுதலாம்."

அவர் சன்னல் ஏறி உள்ளே குதித்து உலக்கையை எடுத்தார். முதல் அடி கைக்குள் அதிர்ந்து வலித்தது. இரண்டாவது அடியில் மண் பெயர்ந்தது. அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. இஞ்ஞாசியம்மாள் கையைப் பிடித்து இழுத்துத்தான், "போதும்ங்க, வழி வந்திருச்சு" என்று நிறுத்தினாள். ஓட்டை வழியாகச் சகாயசெல்வியை அணைத்துக் கூட்டிப்போனார்கள். ரம்ஜான் பீவி அங்கேயிருந்து இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

குழந்தை விறகுக்கடையில் பிறந்தது. ஆண் பிள்ளை. அழுகைச் சத்தம் கேட்டு ஞானராஜ் விறகு அடுக்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ரம்ஜான் பீவி கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஓடு நொறுங்கும் சத்தமும் புழுதியும் ஓட்டை வழியாக வந்தன. முட்டு தளிரோடு சாய்ந்துவிட்டது. கிளை அறைக்குள் இறங்கி, சகாயசெல்வியின் கட்டிலை இரண்டாக ஒடித்துவிட்டு, அதன்மேல் கிடந்தது.

மூக்காயி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கணக்கா வந்து படுத்துக்கிருச்சு" என்றாள்.

மறுநாள் சோலைமுத்து தாமே வந்தார். துக்கவீட்டுக்கு வருகிறவர்போல மெதுவாக நடந்து வந்து, விழுந்த கிளையை நின்று பார்த்தார். கிளையின் பட்டையில் பல இடத்தில் ஓடு கீறியிருந்தது. சடையாண்டி அதையெல்லாம் அளந்து எழுதினார். பிறகு சோலைமுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஞானராஜ் கையில் கொடுத்தார். கிளையைக் கழிக்க அனுமதி.

"நேத்து விழா முடிஞ்சதும் ஆபீஸுக்குப் போயி நானே கையெழுத்துப் போட்டேன். எங்களை மனசாட்சி இல்லாதவங்கன்னு யாரும் சொல்லிறக் கூடாது" என்றார்.

"அப்ப இதை அறுத்து வெளிய எடுத்துரலாங்களா?"

"அதெப்படி? அனுமதி கிளைக்குத்தானே. விழுந்துட்டா அது கிளை இல்லை, மரச்சாமான். சபையோட சொத்து. ஏலம் விடுறவரைக்கும் இருக்கிற இடத்துல இருக்கணும்" என்றார். சுவரில் இருந்த ஓட்டையை அப்போதுதான் கண்டார். "இது என்ன?"

சோலைமுத்து ஓட்டைக்குள் தலையை விட்டு அந்தப் பக்கம் பார்த்தார். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சகாயசெல்வி சேலையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். அவர் தலையை எடுத்துக்கொண்டார்.

"நடுச்சுவர் போயிட்டா ரெண்டும் ஒரே வீடாயிடுது. வீடு இவ்வளவு பெரிசா வளர்ந்தா மரம் என்ன செய்யும்? ஞானராஜ், நான் மரத்துக்கும் வேண்டியவன், உங்களுக்கும் வேண்டியவன். ஆனா இந்த இடத்துல எது எதுக்கு இடைஞ்சல்னு பார்க்க வேண்டியிருக்கு."

அந்த வார முடிவில் உத்தரவு வந்தது. வீட்டின் தெற்குப் பகுதியும் ஓட்டுக்கூரையும் மரத்தின் வளர்ச்சிக்குத் தடையாக இருப்பதால், அவற்றைக் கழித்துவிடும்படி உத்தரவாயிருந்தது. கழிக்க அனுமதி தனியாகக் கேட்கவேண்டியதில்லை என்றும், அது சபையின் சலுகை என்றும் கீழே குறித்திருந்தார்கள்.

ஞானராஜ் அதற்கு மனு எழுதவில்லை. சபையின் ஆட்கள் வந்து ஓடுகளை இறக்கியபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். மூக்காயி கடையைப் பழனி ரோட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டு, புதுக் கோடாலி வாங்கினாள். ஞானராஜ் குடும்பம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போயிற்று. வீடு பார்க்கப் போனபோது இஞ்ஞாசியம்மாள் கிணறு இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா என்று ஒன்றும் கேட்கவில்லை. தெருவை அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டு வந்து, "மரம் ஒண்ணும் இல்லைங்க. பேசி முடிச்சுருங்க" என்றாள்.

மாலைகளில் ஞானராஜ் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உலாத்துவார். சைக்கிளுக்கு இப்போது விளக்கே இல்லை, ஏறித்தான் வந்தார். மறுவருஷம் புரட்டாசியில் இரண்டு மூன்று மழை பெய்து, மண் இளகிக் கிடந்த ஒரு காலையில், வாசற்படியை ஒட்டி ஒரு வேப்பஞ்செடி முளைத்திருப்பதைப் பார்த்தார். விரல் உயரம், கொத்தாக நாலைந்து இலை. பேரன் அதைப் பார்த்துக் கையை நீட்டினான்.

ஞானராஜ் குனிந்தார். குனிந்தவர் தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் அவருக்குப் பழக்கமில்லாத ஒரு பெரியவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தம் படிக்கட்டை ஒட்டி அதே மாதிரி குனிந்து, இரண்டு கோடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. பெரியவர் மரியாதையாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஞானராஜும் திருப்பிக்கொண்டார்.

வேர் மண்ணை விட்டு எளிதாகத்தான் வந்தது.